செபதேயுவின் அழைத்தல்

பாஸ்காக் காலத்து 4-ம் ஞாயிறன்று தேவ அழைத்தலுக்காகச் செபிக்கிறோம். 1964-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் தொடக்கிவைத்த வழக்கம் இது. நல்லதே. ஆனால், “எங்கள் வீட்டில் அழைத்தல் இல்லையே” என்று பெருமூச்சு விடும் பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

வலையைச் சீர்செய்துகொண்டிருந்த யாகப்பரும் அருளப்பரும் யேசுவின் பின்னே போனார்கள். தந்தை செபதேயு கூலியாட்களோடு வள்ளத்திலேயே இருந்துவிட்டார் என்கிறார் மாற்கு. அவர் அழைக்கப்படாதவரா? அன்றிரவும் யாராவது தொழிலுக்குப் போகவேண்டும். கூலியாட்களின் வீட்டிலும் உலை கொதிக்கவேண்டும். குருநகரிலோ பாசையூரிலோ இதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

பொதுநிலையினர் தத்தம் தொழிலில் இருந்தபடியே, புளிப்புமாவைப் போல உலகை உள்ளிருந்து புனிதப்படுத்த அழைக்கப்பட்டவர்கள் என்று 2-ம் வத்திக்கான் சங்கமும் அதே 1964-ல் கூறிற்று. இதிலே ஒரு சங்கடமும் உண்டு. தொழிலே அழைத்தலானால், காலைப் பூசை கண்டுவிட்டு வந்து நிறை குறைத்து விற்கும் கடைக்காரர் தம் அழைத்தலையே மறுக்கிறார். நல்ல கைவண்ணமுள்ள தையற்காரர் ஏழையின் துணியை மட்டும் “நாளை வா, நாளை வா” என்று கிடப்பில் போட்டால், அவருக்குக் கொடுக்கப்பட்ட வரம் யாருக்காக?

உங்கள் மகனுக்கு இயந்திரவேலை கைவருகிறதா? மகளுக்குக் கணக்கு வருகிறதா? அடுத்த அழைத்தல் ஞாயிறன்று அவர்களுடைய பெயரையும் சொல்லிச் செபியுங்கள்.