கோடு கிழித்தது யார்?

ஓமந்தூரில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக் கொதிப்பு அளக்கும் கருவியோடு ஒரு பெண் வந்தார். இந்த ஊர்க்காரரான ஓமந்தூராரின் பெயர் கொண்ட தோட்டத்தில் சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. இருந்தாலென்ன? எழுபத்தெட்டு வயதில் பெரியம்மாவுக்கு வாசலுக்கு வரும் கருவிதான் மருத்துவமனை.

கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். 138.

"நல்லாத்தான் இருக்கு, ஆயா."

"எவ்வளவு வந்தா நல்லா இல்ல?"

"நூத்தி நாப்பது."

"ரெண்டுதான் பாக்கியா? அந்த ரெண்டுல என்னம்மா இருக்கு?"

138 என்பதைக் கருவி சொன்னது. 140 என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை. மனிதர்கள் கூடி முடிவு செய்தார்கள். 2017-இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் அந்தக் கோட்டை 130-க்கு இறக்கினார்கள். இங்கே நலமாக இருக்கும் பெரியம்மா விமானம் ஏறி அங்கே இறங்கினால் நோயாளி! இளையவர்கள் எல்லோருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை என்றவர்கள், பெரியம்மாவின் வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கவே சொன்னார்கள்.

வீம்புக்குச் சொல்லவில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 9,000-க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 140-க்குக் கீழும் மற்றதற்கு 120-க்குக் கீழும் குறைக்க முயன்றார்கள். அதிகமாகக் குறைத்த பிரிவில் சாவு குறைந்தது. மயக்கமும் சிறுநீரகக் கேடும் கூடின. இவற்றில் எது கனம்? அதை நிறுக்கக் கருவி ஏது? பெரியம்மா தனியாக இருக்கிறாள். நடுராத்திரியில் கொல்லைப்பக்கம் போகையில் தலைசுற்றி விழுந்தால், விடியும்வரை தூக்கிவிட ஆள் இல்லை. பட்டணத்தில் மகனோடு இருக்கும் அவள் தங்கைக்கு அதே 138 வேறு கணக்கு. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயின் அளவுக்கு முன்னே நோயாளியின் அளவை வைத்தது சும்மா இல்லை.

அதற்காக, அளப்பதே வீண் என்பவர்களோடு எனக்கு ஒட்டுறவு கிடையாது. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலித்துக் காட்டாது. உடம்பே சொல்லும் என்று நம்பியிருந்து, கைகால் விழுந்த அன்று தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! கோடு இருக்கட்டும். ஆயிரம் பேருக்காகப் போட்ட கோட்டை ஒருத்திமேல் வைக்கும்போது அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பெரியம்மா கேட்கக் காத்திருக்கவில்லை.

"ஏம்மா, இப்பத்தான் குடம் தூக்கிட்டு வந்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் பாரேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அளந்தார்.

131.