யாருடைய நோய்?

2006ல் அமெரிக்காவில் மிர்னா வீஸ்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவர்கள் தாய்மார்கள். மூன்று மாதத்தில் குணமானவர்களின் குழந்தைகளிடம் மனநோய் குறைந்தது. மற்றவர்களின் குழந்தைகளிடம் சற்றுக் கூடியது. ஆய்வில் குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது.

நல்ல செய்திதான். ஆனால் 'குழந்தைக்காகவாவது அவளுக்கு வைத்தியம் பாருங்கள்' என்று இதற்கு அர்த்தம் பண்ணுகிறார்கள். அந்த 'ஆவது' என்னை உறுத்துகிறது. பிள்ளையில்லாதவளின் சோர்வுக்கு என்ன நியாயம் வைத்திருக்கிறார்கள்?

என் அம்மா வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பரீட்சையில் தோற்ற பிறகுதான் டாக்டரிடம் போனோம், அதுவும் எனக்காக. என்னைப் பற்றியே கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். தூக்கம் வருகிறதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.