சித்தம் கலங்கிய மகவும் சங்கத்தார் கடமையும்



சத்தியவேடு, தடா, வரதையபாளையம் ஆகிய ஊர்களில், ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்களிடையே நாம் அடிக்கடி போய்வருகின்றோம். சில வீடுகளில் பகலிலும் கதவு சாத்தியிருக்கும். உள்ளே இருபது வயது மகன் உறக்கமின்றி உலவுவான். சுவருக்கு அப்பால் யாரோ தன்னை ஏசுவதாகச் சொல்வான். தாய் இட்ட சோற்றில் நஞ்சிருக்கிறதென்று தட்டைத் தள்ளுவான். பெற்ற கையையே சந்தேகிக்கும் பிள்ளைக்கு மறுவேளையும் சோறு பிசைந்து வைக்கிறாளே, அவள் படும் துயரை எந்தத் தராசில் நிறுப்பது?

அயலார் அவளுக்குச் சொல்லும் ஆறுதலோ, “முற்பிறவி வினை, அனுபவித்தே தீரவேண்டும்” என்பது. அது நம் பகவன் வாக்கன்று. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், எல்லா வேதனையும் முன்வினையால் வருவதுதானா என்று வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாறுதல், ஒவ்வாத நடை, திடீரென நேரும் தாக்குதல் என்று ஏழு காரணங்களை எண்ணி, எட்டாவதாகவே வினையைச் சொன்னார். எல்லாம் முன்வினையே என்போர் பிழைபடுகின்றனர் என்றும் உரைத்தார். ஆகவே அந்தத் தாயைப் பாவி என்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

வினை என்று எண்ணினால் பரிகாரம் தேடத் தோன்றும். நோய் என்று எண்ணினால்தான் மருத்துவரைத் தேடத் தோன்றும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியிற் கட்டுண்டு கிடந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களும் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளே. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது. நூற்பாலையில் நாம் உழைத்த காலத்தில், இழை அறுந்தால் ஒட்டுவோமேயன்றிக் கதிரைக் கட்டிவைத்து அடித்தவர் எவரையும் கண்டதில்லை.

திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது; சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1794 முதல் வழிவந்த மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தெலுங்கிலும் தமிழிலும் கேட்கலாம். மருந்து தொடங்கிச் சில மாதங்களில் பிள்ளை தெளிவான்; “இனி எதற்கு மாத்திரை?” என்பான், வீட்டாருக்கும் அப்படியே தோன்றும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தும் அந்த இடத்தில்தான் பலருக்கு நோய் மீண்டும் வருகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகையிற் சேர்த்திருப்பதால், சான்று பெற்று உதவித்தொகை கோரவும் வழியுண்டு. “எங்களுக்குப் பின் இவன் கதி என்ன?” என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தகப்பனுக்கு அது சிறு ஊன்றுகோலே, முழு விடையன்று.

பிள்ளை தெளிந்த பின்னும் ஊர் தெளிவதில்லை. அன்று வீதியில் கூச்சலிட்டான், இன்னாரைக் கல்லால் அடித்தான் என்று சொல்லிச் சொல்லியே வேலையையும் பெண்ணையும் மறுப்பர். விநயத்தில் கக்கர் என்னும் பிக்குவின் கதையைப் பாருங்கள். சித்தம் கலங்கிய அவர் உபோசதத்திற்கு ஒருநாள் வருவார், ஒருநாள் வாரார். அவர் வந்தாலும் வாராவிட்டாலும் சங்கம் தன் கருமத்தை நடத்தலாம் என்று பகவான் விதித்தார். அவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. பின்னர் அவர் தெளிந்தார். கலங்கிய காலத்தில் செய்தவற்றைச் சுட்டி மற்றப் பிக்குகள் அவரைக் குத்திக் காட்டினர். “நினைவின்றிச் செய்தேன்” என்று அவர் சொல்லியும் விட்டாரில்லை. பகவானோ, அவர் சங்கத்தின் முன் மும்முறை வேண்டவும், தெளிந்தவருக்குரிய விநயத்தைச் சங்கம் அவருக்கு அளிக்கவும், அதன்பின் அக்குற்றங்களை எடுக்காதிருக்கவும் விதி செய்தார்.

வரும் பௌர்ணமி உபோசதத்திற்கு அத்தகைய வீட்டாரை அன்பர்கள் அழைத்து வாருங்கள். பிள்ளை நடுவில் எழுந்து நடந்தால் நடக்கட்டும். பஞ்சசீலம் சொல்லுவது நிற்க வேண்டாம். தாய்க்குக் கடைக்குப் போகவேண்டுமானால் இருவர் அவனருகே அமர்ந்திருங்கள்.