லாபம், ஒண்ணு, ரெண்டு...

எறையூருக்கு இப்போது போனால் சர்க்கரை ஆலையும் சிப்காட் பேட்டையும்தான் முதலில் கண்ணில் படும். நான் சொல்வது அவை வருவதற்கு முன்பு, அறுபதுகளின் கடைசியில். பெரம்பலூரே அப்போது திருச்சி ஜில்லாதான். பொங்கல் லீவுக்கு அப்பாயி வீட்டுக்குப் போவேன்.

சாயங்காலம் களத்தில் கூலி அளப்பார்கள். பேசின கூலி ஆளுக்கு நாலு படி சோளம். அளக்கும்போது 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் படிக்கு 'லாபம்' என்று பெயர். மற்ற களங்களில் 'லாபம், ரெண்டு, மூணு, நாலு' என்று போகும். எங்கள் களத்தில் அளந்த பெரியவர் மட்டும் 'லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்பார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். முந்தானையில் விழுவது ஐந்து படி.

சித்தப்பா திருச்சியில் பி.காம். முடித்துவிட்டு வந்தார். நோட்டைப் பார்த்தார், நாலு. களத்தைப் பார்த்தார், ஐந்து. மறுநாள் படியைத் தானே வாங்கிக்கொண்டு நாலோடு நிறுத்திவிட்டார். யாரும் சண்டை போடவில்லை. ஒரு அம்மா மட்டும் முந்தானையைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி சோறு போடும்போது அப்பாயி சொன்னாள்: "படியை மாத்தாதடா. நோட்டை மாத்து."

சித்தப்பா பக்கம்தான் நியாயம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்தது சமீபத்தில், சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து. லினக்ஸ்.

லினக்ஸின் உட்கருவை 'கெர்னல்' என்பார்கள். கம்ப்யூட்டரின் மூலஸ்தானம். கண்டவர்கள் நுழைய முடியாது. ஆனால் வெளியாள் எழுதின குட்டி நிரல்களைச் சோதனை போட்டு உள்ளே ஓடவிடுகிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயர் பி.பி.எஃப். உங்கள் ஆண்ட்ராய்டு போன் எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று கணக்கு வைப்பதுகூட இதைக் கொண்டுதான். இந்த நிரல்களை வரிவரியாகப் படித்துப் படித்தும் ஓட்டலாம். முழுசாக அந்தந்தச் சில்லின் பாஷைக்கு அப்போதைக்கப்போது மாற்றியும் ஓட்டலாம். ஆர்டர் வந்ததும் தோசை வார்ப்பது மாதிரி. இப்படி வார்த்துத் தருவதை 'ஜிட் கம்பைலர்' என்கிறார்கள். சில்லுக்குச் சில்லு கல்லு வேறு. பவர் பிசி சில்லுக்கு 2016-ல் இதை எழுதியவர் ஐ.பி.எம்.மின் நவீன் ராவ்.

ஓடுகிற நிரலுக்குத் தற்காலிகமாகக் கொஞ்சம் இடம் வேண்டும். அதற்குத்தான் 'ஸ்டாக்', அடுக்கு. கல்யாண வீட்டில் தட்டு அடுக்குவது போல, கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். கெர்னலில் இந்த இடம் ரொம்பச் சிக்கனம். சாதாரண 64-பிட் இன்டெல் யந்திரத்தில் மொத்தமே 16 கே.பி. அதில் ஒரு பி.பி.எஃப். நிரலுக்கு 512 பைட். அடுக்கு சரிந்தால் யந்திரமே படுத்துவிடலாம்.

ஒரு நிரல் தன் வேலையை இன்னொன்றிடம் கைமாற்றிவிட்டுத் திரும்பி வராமலே போகலாம். இதற்கு 'வால் அழைப்பு' என்று பெயர். 2015-ல் இதைக் கொண்டுவந்தபோது, ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு முடிவே இல்லாமல் சுற்றக்கூடாதே என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 32 தடவை. நோட்டில் இருந்தது 32. நடந்தது 33.

காரணம் நம் களத்துப் பெரியவர்தான்! எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் ஆரம்பித்து, '32-ஐத் தாண்டிவிட்டதா?' என்று கேட்டிருந்தார்கள். '32-ஐத் தொட்டுவிட்டதா?' என்று கேட்டிருக்க வேண்டும். பூஜ்யம் என்கிற லாபம் கணக்கில் சேரவில்லை.

அதன்பின் நடந்தது சுவாரசியம். 2019-ல், சரியாக 32-ல் நிறுத்திக்கொண்டிருந்த இரண்டு சில்லுகளின் ஜிட்டுகளை, மற்றவர்களோடு ஒத்துப்போகட்டும் என்று 33-க்கு உயர்த்தினார்கள். 2021 ஜூலையில், வரிவரியாகப் படிக்கிற பகுதி 33 தருவதைக் கவனித்த ஒருவர், மற்ற இடங்களில் 32-தான் என்று நம்பி, அதை 32-க்குத் திருத்தினார். சித்தப்பா. உடனே இன்னொருவர், "இன்டெல் ஜிட்டிலும் 33-தான், சோதித்துப் பார்த்தேன்" என்றார். ஆகஸ்டிலேயே டேனியல் போர்க்மன் திருத்தத்தைத் திருப்பி எடுத்துவிட்டார். நவம்பரில் பிரச்னையை ஒரேயடியாக முடித்தார்கள். எப்படி? வரம்பின் மதிப்பையே 33 என்று எழுதி, கேள்வியையும் 'தொட்டுவிட்டதா?' என்று எல்லா ஜிட்டிலும் சரிசெய்தார்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பு மாறவில்லை. நோட்டு மாறியது. அப்பாயி!

இது நேர்மையா? தப்பு செய்துவிட்டு, தப்பையே சட்டமாக்குவது போலில்லையா? இந்த வாதத்தை ஏரியை வளைத்துப் போட்டவரும் சொல்வார்: 'முப்பது வருஷமா இருக்கோம் சார், பட்டா குடுத்துடுங்க.' மேஜைக்கடியில் கை நீட்டுகிறவரும் சொல்வார்: 'வழக்கம்தானே சார்.'

வித்தியாசம் இருக்கிறது. எத்தனை வருஷம் நடந்தது என்பதில் இல்லை. அந்தக் கூடுதல் ஒன்று யார் தட்டிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

2020-ல் வால் அழைப்பையும் உள்அழைப்பையும் சேர்த்துப் பயன்படுத்த அனுமதித்தபோது, அடுக்கு நிரம்பி வழியக்கூடாதே என்று, அப்படி அழைக்கிற நிரலின் பங்கை 256 பைட்டாகக் குறைத்தார்கள். நிரலுக்குள்ளேயே ஒரு கணக்கும் எழுதி வைத்தார்கள்: 32 தடவை 256, ஆக 8 கே. உண்மையில் 33 தடவை. 8,192-க்குப் பதில் 8,448. கூடுதல் 256 பைட். 16 கே.பி. அடுக்கில் அது தாங்கும். தாங்காமல் போயிருந்தால்? எத்தனை பேர் 33-ஐ நம்பியிருந்தாலும் வெட்டித்தான் ஆகவேண்டும். அடுக்கு சரிந்தால் அடிபடுகிறவன், அந்த 33-வது அழைப்பைக் கேட்டவனாக இருக்கமாட்டான்.

ஆக, நோட்டை மாற்றுவதற்கு மூன்று நிபந்தனை. கூடுதலை நம்பினவர்கள் வஞ்சகமில்லாமல் நம்பியிருக்க வேண்டும். அது வேறொருவருடைய இடத்தைத் தின்னக்கூடாது. மாற்றுவதைப் பகிரங்கமாக, காரணம் எழுதி மாற்ற வேண்டும். ஏரி ஆக்கிரமிப்பு இரண்டாவதில் தோற்கும். லஞ்சம் மூன்றிலும் தோற்கும். அதை யாரும் நோட்டில் எழுதச் சொல்வதே இல்லை, கவனித்தீர்களா?

அப்பாயியின் ஐந்தாவது படி மூன்றிலும் தேறும். அந்தப் படி எங்கள் குதிரிலிருந்துதான் போனது. குதிர் தாங்கியது. அதை நம்பி ஒரு வீட்டில் உலை வைத்திருந்தார்கள். சித்தப்பாவின் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் உலை வைத்த வீடு அந்த நோட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை.

மறுநாள் சித்தப்பா நோட்டில் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். படியைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டார். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார், "லாபம்..."

யாருக்கு என்று அவர் சொன்னதில்லை.