ஏறாத பாறை

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். தண்ணீர், தொப்பி, ஈ வலை என்று பட்டியல் போடும் குடும்பம், உலுருவுக்குக் கிளம்புமுன் ஒரு கேள்வியையும் யோசித்தாக வேண்டும்: ஒருவருக்குப் புனிதமானது, அதை நம்பாதவரையும் கட்டுப்படுத்துமா?

348 மீட்டர் உயரச் செம்பாறை அது. 1985-இல் நில உரிமை அப்பகுதியின் பழங்குடிகளான அனங்கு மக்களிடம் திரும்பியது. தங்களுக்குப் புனிதமான பாறையில் ஏறாதீர்கள் என்று அவர்கள் பல்லாண்டு கேட்டுக்கொண்டார்கள். 2019 அக்டோபர் 26-இல்தான் ஏற்றம் நின்றது. ஏறும் வழியை மூடப்போகிறார்கள் என்றதும் கடைசி நாட்களில் அடிவாரத்தில் நீண்ட வரிசை! அந்தக் காட்சி இன்றும் உறுத்துகிறது.

ஆனால், அங்கிருந்து எடுத்துப்போன கல்லை மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

பாறையைச் சுற்றி நடக்க 10 கிலோமீட்டர். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாமென்று பலகை. அங்கே அப்பா கைபேசியைப் பைக்குள் வைப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே நடக்கும்.