பூமி பாடுவதில்லை

ஜான் ஆடம்ஸ் என்ற பெயரில் இரண்டு அமெரிக்க இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆபரா எழுதிப் பெயர் பெற்றவர். இங்கே பேசப்போவது மற்றவரைப் பற்றி: ஜான் லூதர் ஆடம்ஸ். 1953இல் மிசிசிப்பியில் பிறந்தவர். இளமையில் ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். 1978இல் அலாஸ்காவுக்குக் குடிபெயர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்து, அந்த நிலத்தின் பறவை, பனி, காற்று, வெளிச்சம் இவற்றை வைத்தே தன் இசையை எழுதியவர்.

இவரைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இயற்கையையும் அறிவியலையும் இசையாக்குகிறார்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டு கேள்விகள் வருகின்றன. இயற்கையை உண்மையிலேயே இசையாக்க முடியுமா, இல்லை அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதையா? இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. கண்முன்னால் அழிந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுத்து, அழகாக்கி, குளிரூட்டிய அரங்கத்தில் உட்கார்ந்து ரசிப்பது சரியா?

முதல் கேள்விக்கு ஓர் அறையிலிருந்து தொடங்கலாம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2006இல் ஆடம்ஸ் அமைத்த அறை அது. 'நீ செவிகொடுக்கச் செல்லும் இடம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஆர்க்டிக் கடற்கரையில் இனுபியாட் மக்கள் நாலகியாக்விக் என்று அழைக்கும் ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்தது. சின்ன அறை. உட்கார ஒரு பெஞ்சு, எதிரே நிறம் மாறும் கண்ணாடிப் பலகைகள், சுற்றிலும் ஒலிபெருக்கிகள். வாசிப்பவர் யாரும் இல்லை. சூரியனும் நிலவும் எங்கே இருக்கின்றன, மேகம் எவ்வளவு, நில அதிர்வுக் கருவிகள் என்ன காட்டுகின்றன, பூமியின் காந்தப்புலம் எப்படி அசைகிறது என்ற தரவுகள் ஒரு கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். கணினி அவற்றை உடனுக்குடன் ஒலியாக்கும். பகலுக்கு ஓர் ஒலித்தொகுதி, இரவுக்கு இன்னொன்று. மேகம் கூடினால் ஒலி மங்கும். நிலம் அதிர்ந்தால் அடியிலிருந்து உறுமல் எழும். துருவ ஒளி கிளம்பும் நேரத்தில் தலைக்கு மேலே மணியோசை போல ஒன்று கேட்கும்.

'அப்போ இது பூமியே பாடுறதுதானே?' என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

அந்த அறையின் அடிப்படைச் சுருதி 24.27 ஹெர்ட்ஸ். எங்கிருந்து வந்தது இந்த எண்? பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக, 86,400 விநாடிக்கு ஓர் அதிர்வு. இதை யாராலும் கேட்க முடியாது. ஒரு சுருதியின் அதிர்வெண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். இப்படி 21 முறை பெருக்கினால் சரியாக 24.27 வருகிறது. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 20 முறையோடு நிறுத்தினால் என்ன? 12 ஹெர்ட்ஸ் சொச்சம்தான் கிடைக்கும். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்க ஆரம்பிக்கும். பூமி கொடுத்தது 86,400 என்ற எண்ணை மட்டும். 21 என்ற எண்ணைக் கொடுத்தது நம் காது.

மற்றவையும் அப்படியே. துருவ ஒளிக்கு மணியோசை என்று முடிவு செய்தவர் ஆடம்ஸ். அதே காந்தப்புலத் தரவைக் கொசுவின் ரீங்காரமாகவும் மாற்றலாம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். பொறியியல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. சென்சாரிலிருந்து வருவது வெறும் எண். அதை எந்த அளவுகோலில் வைப்பது, எதைச் சிவப்பாகக் காட்டுவது, எதைச் சத்தம் என்று கழித்துவிடுவது, எல்லாமே ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

2022இல் நாசா, பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் ஒலி என்று ஒரு பதிவை வெளியிட்டது. இணையம் முழுக்க அது பரவியது. 'கருந்துளை அலறுகிறது' என்று பலர் பகிர்ந்தார்கள். உண்மையில் அங்கிருந்த அழுத்த அலைகளை 57, 58 ஸ்தாயி உயர்த்தித்தான் நமக்குக் கேட்க வைத்தார்கள். நாசா அதை மறைக்கவில்லை. பகிர்ந்தவர்கள்தான் அந்த வரியை விட்டுவிட்டார்கள். அந்த வரி விடுபட்டால் விஞ்ஞானம் மாந்திரீகமாகிவிடுகிறது. 'இயற்கையே பேசுகிறது' என்று சொல்லிவிட்டால், யார் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வழியில்லாமல் போகிறது.

அப்படியென்றால் ஆடம்ஸின் அறை ஒரு ஏமாற்றா? நான் அப்படி நினைக்கவில்லை. சுருதி, ஒலியின் நிறம், அமைப்பு எல்லாவற்றையும் அவர் தன் கையில் வைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தார்: நேரத்தை. எப்போது என்ன நடக்க வேண்டும் என்பதுதான் ஓர் இசையமைப்பாளரின் பெரிய அதிகாரம். அதை அவர் வானத்திடமும் நிலத்திடமும் கொடுத்துவிட்டார். ஃபேர்பேங்க்ஸில் டிசம்பர் நடுவில் சூரியன் நான்கு மணி நேரம்கூட இருக்காது. ஜூனில் ஏறக்குறைய 22 மணி நேரம் இருக்கும். டிசம்பரில் போனவருக்கு இரவின் ஒலிதான். டிக்கெட் வாங்கிவிட்டேன், ஒரு நிலநடுக்கம் கேட்டே ஆக வேண்டும் என்று அங்கே யாரிடமும் போய் நிற்க முடியாது. அரை மணி நேரம் உட்கார்ந்தும் 'ஒண்ணுமே நடக்கலையே' என்று எழுந்து போகிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக எதுவும் நடக்காது என்பதுதான் அந்த அறை சொல்லும் விஷயம். உலகம் நமக்காக நிகழ்ச்சி நடத்தவில்லை. கையில் தொடுதிரையோடு வளர்ந்த நமக்கு இது சாதாரணப் பாடமில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி.

ஆடம்ஸின் மிகவும் பேசப்பட்ட படைப்பு 'பிகம் ஓஷன்', கடலாகிவிடு. 2013இல் சியாட்டில் சிம்ஃபனி முதன்முதலில் வாசித்தது. 2014இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சுமார் 42 நிமிடம். பாட்டு மாதிரி முணுமுணுக்க ஒரு மெட்டுகூட இல்லை. இசைக்குழு மூன்றாகப் பிரிந்திருக்கும்: தந்திக் கருவிகள், பித்தளை ஊதுகருவிகள், குழல்கள். ஒவ்வொரு பிரிவும் தன் போக்கில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். மூன்றின் கால அளவும் வேறு வேறு. மூன்றும் ஒன்றாக உச்சிக்கு வரும் இடங்கள் மூன்றே மூன்று. அந்த நேரத்தில் மேலே விழுவது போன்ற ஓர் ஒலிச்சுவர் எழும். நடுப்பகுதியை எட்டியதும் இசை வந்த வழியே பின்னோக்கித் திரும்பும். இதில் தனித்துத் தெரியும் வித்வான் யாருமில்லை. எல்லாரும் கரைந்துவிடுகிறார்கள்.

தலைப்பு ஜான் கேஜ் தன் நண்பர் லூ ஹாரிசனைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து வந்தது. ஆடம்ஸ் அதற்கு இன்னொரு அர்த்தம் சேர்த்தார். துருவப் பனி உருகி, கடல் மட்டம் உயர்ந்தால், கடலிலிருந்து வந்த நாம் நிஜமாகவே கடலாகிவிட நேரும் என்கிறார். ஆக, அந்த 42 நிமிடமும் நாம் கேட்பது நம்முடைய மூழ்கலை. ஹெட்போனில் இதைக் கேட்டால், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், சுகமாக இருக்கிறது. தூங்கவைக்கும் சுகம்.

இங்கேதான் எதிர்வாதம் வலுவாகிறது. பேரழிவை இவ்வளவு அழகாக்கினால் பயம் எங்கே போகும்? இந்த இசையைக் கேட்டு நெகிழ்ந்த டெய்லர் ஸ்விஃப்ட் 2015இல் 50,000 டாலர் நன்கொடை கொடுத்தார். கொடுத்தது சியாட்டில் சிம்ஃபனிக்கு. அதில் தப்பே இல்லை, இசைக்குழுக்களுக்கும் பணம் வேண்டும். ஆனால் அழகு நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்: கடலைப் பற்றிய இசை நம்மைக் கடலிடம் அல்ல, இன்னும் கொஞ்சம் இசையிடம்தான் அனுப்புகிறது.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது. எண்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது மலேசியாவில் இருக்கும் நமக்குத் தெரியும். புகைமூட்டக் காலத்தில் காலையில் எழுந்ததும் காற்றுத் தூய்மைக் குறியீட்டைப் பார்க்கிறோம். 200ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. முதல் நாள் பதறுகிறோம். நான்காம் நாள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். எண் சரியானதுதான், ஆனால் மனம் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. ஆடம்ஸின் இசை பழக விடுவதில்லை. 42 நிமிடம் ஒரே விஷயத்தில் காதை வைத்திருக்கச் சொல்கிறது. ஒன்றை நேசிக்காதவர் அதற்காக அசையமாட்டார். நேசிக்க முதலில் கவனிக்க வேண்டும். இந்த அளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனித்தவர் எல்லாரும் அசைவார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கலைக்கு அந்தச் சக்தி இருக்கிறது என்று இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அதை நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம்.

ஆடம்ஸின் வாழ்க்கையே இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. அவர் இயற்கையைத் தூரத்திலிருந்து ரசித்தவர் இல்லை. அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாதுகாத்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பிரச்சாரம் செய்தவர். பிறகு வட அலாஸ்கா சுற்றுச்சூழல் மையத்தில் முழுநேரமாக வேலை செய்தார். அதன்பின் அதை விட்டுவிட்டு இசைக்கே திரும்பினார். அவர் சொன்ன காரணத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: அரசியல் வேலையைத் தொடர வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் எழுத வேண்டிய இசையை என்னைத் தவிர வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

கேட்டவுடன் உறுத்தும் வாதம். 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்பது உலகத்தில் எல்லாச் சோம்பேறிகளும் சொல்லும் வாக்கியம்தானே? ஆனால் ஆடம்ஸ் அதன் மறுபாதியையும் சொல்கிறார், முப்பது வருட வேலையால் அதைக் காட்டியும் இருக்கிறார். அவருக்கு அந்த வாதம் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். அந்த அறையும் அந்தக் கடலும் இல்லாத உலகம் கொஞ்சம் ஏழையாகத்தான் இருக்கும்.

சிக்கல், அதே வாதத்தை நம் பக்கம் திருப்பும்போது வருகிறது. என்னால் மட்டுமே ஆகக்கூடிய வேலை எது என்று நேர்மையாகக் கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் வராது. நான் ஒரு பொறியாளன். நாளைக்கு நான் வராவிட்டால் என் நாற்காலியில் இன்னொரு பொறியாளர் உட்காருவார், வேலை நடக்கும். மாற்ற முடியாத ஒரு வேலை கையில் இருந்ததால் ஆடம்ஸ் விலகலாம். அப்படி ஒன்று கையில் இல்லாதவர் எதைச் சொல்லி விலகுவார்? 'வேறு ஆட்கள் இருக்கிறார்கள்' என்று அவர் நம்பிய அந்த ஆட்கள் யார்? குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர், மேம்பாட்டுத் திட்டத்துக்கு எதிர்ப்பு தெரிவிக்க ஊராட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறவர், சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்கும் எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவர். கடைசியில் சொன்னதைச் செய்ய மேதைமை வேண்டாம். ஒரு பட்டமும் இரண்டு மணி நேரமும் போதும்.

பூமி பாடுவதில்லை. அது அசைகிறது, அதிர்கிறது, உருகுகிறது. அதைப் பாட்டாகக் கேட்டவர் ஒரு மனிதர். அவர் தன் பங்கைச் செய்துவிட்டு, மீதி வேலையைப் பெயர் தெரியாத சிலரை நம்பி விட்டுப்போனார். 'பிகம் ஓஷன்' பிடித்திருந்தால் தாராளமாகத் திரும்பக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அந்தச் சிலரில் நாம் இல்லையென்றால், அவர் இசைக்குத் திரும்ப எடுத்த முடிவு தவறாகிப்போகும். அந்தத் தவறு அவருடையதாக இருக்காது.