தொட்டாச்சிணுங்கியும் தட்சனும்

கல்யாண வீட்டுச் சண்டை எதில் ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் சீர்வரிசையில் இல்லை. “பத்திரிகையில் என் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டான்”, “வாசலில் நின்றவன் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.” அவ்வளவுதான். அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. இப்படிப்பட்டவரை நாம் தொட்டாச்சிணுங்கி என்கிறோம்.

எழுத்தில் அது தொட்டாற்சுருங்கி. தொட்டால் சுருங்குவதால் வந்த காரணப்பெயர். ஆனால் இலை சுருங்குமே தவிர சிணுங்குமா? சிணுங்குவது குழந்தை. செடிக்குப் பெயர் வைக்கும்போதே நம் ஜனங்கள் அதில் மனுஷனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அது நம் மண்ணில் பிறந்த செடியே அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்தது. செடி வருவதற்கு முன்னால் இங்கே சிணுங்குகிறவர்கள் இல்லையோ என்று கேட்காதீர்கள். தாராளமாக இருந்தார்கள்.

அந்தச் செடியைப் பறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டில் முள் இருக்கிறது. சட்டென்று புண்படுகிறவரை மென்மையானவர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவரிடம் அகப்பட்ட கையைக் கேட்க வேண்டும்!

மென்மைக்கு வள்ளுவர் சொன்ன உவமை வேறு. விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்சப் பூவைக் கொண்டுவருகிறார். அந்தப் பூவாவது மூக்கருகே வந்தால்தான் வாடும்; வந்த விருந்தாளிக்கோ வீட்டுக்காரர் முகம் சற்றுக் கோணினாலே போதும். இதை யாரிடம் சொல்கிறார் என்று கவனியுங்கள். விருந்தாளியைக் கூப்பிட்டு, “இதற்கெல்லாம் வாடாதே ஐயா” என்று அவர் புத்தி சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்தான் எச்சரிக்கை. எதிரே இருப்பவரை அனிச்சம் என்று நினைத்துப் பழகு என்கிறார். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். நாம் அனிச்சமாம், மற்றவர்களெல்லாம் கருங்கல்லாம்.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. ரோஷம் என்ற வடசொல்லுக்குக் கோபம் என்றுதான் பொருள். தமிழில் அதற்குத் தன்மானச் சாயம் பூசிவிட்டோம். “கோபக்காரன்” என்றால் வருத்தப்படுகிறவர், “ரோஷக்காரன்” என்றால் மீசையைத் தடவிக்கொள்கிறார்!

தட்சன் அப்படிப்பட்ட ரோஷக்காரன். அவன் கதை பாகவதம் நான்காம் ஸ்கந்தத்தில் வருகிறது. பெரிய யாகசபை; தட்சன் உள்ளே நுழைகிறான்; எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். பிரம்மாவும் சிவபெருமானும் எழவில்லை. பிரம்மா தகப்பன், போகட்டும். மாப்பிள்ளை எழவில்லையே! அத்தனை பேர் எழுந்தது அவன் கண்ணில் படவே இல்லை. எழாத ஒருவர்தான் பட்டார். புண்படுகிற மனசின் கணக்கு எப்போதும் இப்படித்தான். யாகத்தில் சிவனுக்கு அவிர்பாகம் இல்லாமல் போகட்டும் என்று சபித்தான். பிறகு தானே ஒரு யாகம் செய்தான், மருமகனை அழைக்காமல்.

தட்சன் மகளும் சிவபெருமானின் மனைவியுமான சதிதேவி தந்தை வீட்டுக்குப் புறப்படும்போது சுவாமி ஒரு விளக்கம் சொல்கிறார். விவேகிகள் எழுவதும் வணங்குவதும் எதிரே நிற்கும் உடம்புக்காக அல்ல; உள்ளே உறையும் பரம்பொருளுக்காக. அந்த வணக்கத்தை மனத்தாலேயே செலுத்திவிடலாம். அப்படியானால் தட்சனுக்குள் இருந்தவருக்குச் சேர வேண்டிய மரியாதை சேர்ந்துவிட்டது. தனக்கு வரவில்லை என்று கணக்குக் கேட்டது அவனுடைய அகங்காரம். நமக்கு வலிக்கிறபோதெல்லாம், “வலிப்பது யாருக்கு?” என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். உடனே பதில் வராது. கேட்கிற நேரத்துக்குள் கோபம் கொஞ்சம் இறங்கும்; அது லாபம்தானே.

மேற்கொண்டு நடந்தது உங்களுக்குத் தெரியும். யாகசாலையில் அவமதிக்கப்பட்ட சதிதேவி உடலைத் துறந்தாள். சுவாமி அனுப்பிய வீரபத்திரர் வந்தார், யாகம் அழிந்தது, தட்சன் தலை போயிற்று. மயிலாடுதுறைப் பக்கம் திருப்பறியலூரில், சிவபெருமானின் வீரச்செயல்களுக்குரிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்றாக, இந்தக் கதை கோயிலாகவே நிற்கிறது. போகாதவர்கள் போய்வாருங்கள்.

பிறகு பிரம்மா முதலானோர் வேண்டிக்கொள்ள, தட்சனுக்கு ஆட்டுத்தலை வைத்து உயிர் கொடுத்தார் சுவாமி. எழுந்ததும் அவரைத் துதித்தான். வேதத்தில் சமகம் என்று ஒரு பகுதி உண்டு; “ச மே, ச மே” என்று வந்துகொண்டே இருக்கும். “எனக்கு இதுவும் வேண்டும்” என்று கேட்கிற இடம். அதைத்தான் தட்சன் ஆட்டுக்குரலில் சொன்னான், அந்தக் குரல் சுவாமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று என்று பௌராணிகர்கள் ரசித்துச் சொல்வார்கள். சபையில் கோபித்துக்கொண்ட அதே “எனக்கு”, இப்போது கேட்க வேண்டிய இடத்தில் வெளிப்படையாகக் கேட்கிறது.